விழுந்தவனைச் சோதிச்சாச்சு, றோட்டை எப்ப சோதிக்கிறது?

போன ஐப்பசியில் மருதனார்மடம் சந்தியில் எங்கடை மச்சான் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். மாதக்கணக்காக மழையைக் காணாத றோட்டு. அண்டைக்குத்தான் முதல் தூறல். சந்தைப் பக்கமிருந்து ஒரு அம்மா குடையை விரிச்சுக்கொண்டு மஞ்சள் கோட்டில் இறங்க, இவன் பிறேக்கைப் பிடிச்சிருக்கிறான். முன் சில்லு கோட்டில் ஏறின கையோடை வழுக்கி, ஆளும் சைக்கிளும் ஒரு பக்கமாக இழுபட்டுப் போய் வாழைக்குலை ஏத்தின லாண்ட்மாஸ்டருக்குக் கீழே போய் நிண்டது. காறையெலும்பு உடைஞ்சது. அந்த அம்மாவுக்கு ஒரு கீறலும் இல்லை. அதுவரைக்கும் புண்ணியம்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. சந்தியில் நிண்ட பத்துப் பேரும் ஒரே தீர்ப்புத்தான்: "உந்தப் பெடியள் ஓடுற ஓட்டத்துக்கு..." ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் ஐயாவும் அதையே சொன்னார். வீட்டில் பெரியம்மா அழுதழுது அதையே சொன்னா. மச்சான் குடிச்சிருந்தானா எண்டு பார்த்தார்கள். லைசன்ஸ், இன்சூரன்ஸ், வரிப்பத்திரம் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கத்தான் வேணும், அதில் பிழை சொல்லேல்லை. ஆனால் அவன் விழுந்த அந்த ஆறடி றோட்டை ஒருத்தரும் குனிஞ்சு தொட்டுக்கூடப் பார்க்கேல்லை. அவனுடைய ரயரையும் பார்க்கேல்லை. அடுத்த கிழமை அதே கோட்டில் இன்னொரு பெடியன் வழுக்கினானாம். அவனுக்கும் அதே தீர்ப்பு.

மச்சான் 40இல் வந்ததாகச் சொல்கிறான். அவனை எனக்குத் தெரியும், ஆகவே 50 எண்டு வைப்பம். ஊருக்குள் சட்டம் விடுகிற வேகமே 50தான். உயர்தரத்தில் படிச்ச கணக்கை எடுத்துப் போட்டுப் பாருங்கோ. மணிக்கு 50 கிலோமீற்றர் எண்டால் செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். றோட்டுக்கும் ரயருக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.8 எண்டால், பிறேக் பிடிச்ச இடத்திலிருந்து 12 மீற்றரில் நிக்கலாம். அது 0.4 ஆக இறங்கினால் 25 மீற்றர் வேணும். 0.3 எண்டால் 33. ஓடுகிறவன் அதே ஆள், வேகமும் அதே வேகம், மாறினது அந்த ஒரு எண் மட்டும். 12 மீற்றர் எண்டால் ஒரு பஸ்ஸின் நீளம். 33 எண்டால் மூன்று பஸ்.

அப்ப அந்த எண் மருதனார்மடத்தில் எவ்வளவு? இதுதான் கேள்வி. இதுக்கு மறுமொழி தேடப் போய்த்தான், உயர்தரப் பௌதிகவியல் எங்களுக்கு ஒரு சின்னப் பொய் சொல்லித் தந்திருக்கு எண்டு விளங்கிச்சுது.

இணைந்த கணிதம் செய்தவைக்கு ஞாபகம் இருக்கும். கணக்கில் தளம் எண்டால் ஒன்றில் 'ஒப்பமானது', இல்லாட்டில் 'கரடானது'. கரடானது எண்டால் பக்கத்தில் ஒரு மியூ தந்திருப்பார்கள். உராய்வு விசை எண்டால் அந்த மியூவைச் செவ்வன் மறுதாக்கத்தால் பெருக்கினால் சரி. தொடுகிற பரப்பில் தங்கியிராது, வேகத்தில் தங்கியிராது. மரக்கட்டைக்கும் இரும்புத் துண்டுக்கும் இது ஓரளவுக்குப் பொருந்தும். றப்பருக்குப் பொருந்தாது. றப்பரின் உராய்வு வேகத்தோடு மாறும், வெப்பத்தோடு மாறும், பாரத்தோடு மாறும், கீழே கிடக்கிற தளம் என்னவோ அதோடும் மாறும். நல்ல உலர்ந்த தளத்தில் பந்தய ரயருக்குக் குணகம் ஒண்டைத் தாண்டியும் போகும். ஆகவே 'இந்த ரயரின் உராய்வு இவ்வளவு' எண்டு ரயரை மட்டும் வைச்சுச் சொல்ல ஏலாது. எப்பவும் ரயரும் றோட்டும் ஒரு சோடி. சோடியில் ஒருத்தரை மட்டும் விசாரிச்சால் வழக்கு முடியாது.

இதைப் படிச்சுப்போட்டு எங்களுக்குச் சும்மா இருக்கேலாமல் போச்சு. மச்சானின் பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டினம். அதைப் பலகைக்குக் கீழே ஒட்டி, மேலே இரண்டு கிலோப் படிக்கல்லை வைச்சு, பள்ளிக்கூடத்து விற்றராசை இரவல் வாங்கிக் கொழுவி இழுத்தம். ஒழுங்கை வாயில் காப்பெட் போட்ட இடம், வீட்டுச் சீமெந்துத் தரை, குளியலறை மாபிள், எனாமல் பெயின்ற் அடிச்ச ஒரு சீமெந்துக் கல்லு. இந்த நாலிலும் முதலில் உலர்வாக, பிறகு தண்ணி ஊத்தி, கடைசியாகச் செம்பாட்டு மண்ணைக் குழைச்சுப் பூசி.

எண்களை இதில் எழுத மாட்டன். அந்த விற்றராசு என்னைவிட வயசு கூடினது, அதை நம்பி ஒருத்தரும் ரயர் வாங்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் எங்களைக் குழப்பிப் போட்டுது. சேறு பூசினதும் எல்லாத் தளத்திலும் முள் இறங்கினது. அது எதிர்பார்த்ததுதான். காய்ந்த செம்மண் தூளைத் தூவினாலும் இறங்கினது. ஆனால் காப்பெட்டில் வெறும் தண்ணி ஊத்தினபோது பெரிசாக ஒண்டும் குறையேல்லை. மூண்டு தரம் செய்தம். அதேதான். "அப்ப மழையிலை வழுக்கிறது எண்டிறது பொய்யோடா?" எண்டான் கூட வந்தவன்.

பொய்யில்லை. நாங்கள் மெதுவாக இழுத்ததுதான் பிழை. ஆறுதலாக இழுக்கும்போது, றப்பருக்குக் கீழேயுள்ள தண்ணி பக்கத்தால் வழிஞ்சு போக நேரம் கிடைக்குது. றப்பர் தண்ணியைப் பிதுக்கிப்போட்டுக் கல்லைத் தொட்டுவிடும். 50இல் வாற ரயருக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு இடத்தைத் தொட்டு விலகிறதுக்கு இடையில் தண்ணியை வெளியேற்ற அதுக்குக் கிடைக்கிறது செக்கனின் நூறில் ஒரு பங்கு போலத்தான். அதுக்குள் ரயரின் வெட்டுகளாலும் றோட்டுக் கல்லுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களாலும் தண்ணி போய்விட வேணும். போகாட்டில் றப்பர் தண்ணிக்கு மேலே ஓடும். அதனால்தான் இதைச் செய்யிறதுக்கு ஆய்வுகூடமும் அதுக்கெண்டு செய்த கருவியும் வேணும். முற்றத்தில் படிக்கல்லை இழுத்து அறியிற விஷயமில்லை.

அந்தக் கருவி ஒண்டும் றொக்கெற் இல்லை, ஒரு ஊசல். 1940களில் அமெரிக்காவில் பேர்சி சிக்லர் எண்டவர், கட்டடங்களின் தரையில் சப்பாத்து வழுக்குமா எண்டு பார்க்கச் செய்தது. பிறகு பிரித்தானியாவின் வீதி ஆராய்ச்சி ஆய்வுகூடம் அதை றோட்டுக்கு ஏற்றமாதிரித் திருத்தி எடுத்தது. ஊசலின் கால் நுனியில் 76 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு றப்பர்த் துண்டு. றோட்டை நனைச்சு, ஊசலைக் கிடையாக உயர்த்தி விட்டால், அது வந்து றோட்டில் 126 மில்லிமீற்றர் தூரம் உரஞ்சிக்கொண்டு மற்றப் பக்கம் ஏறும். உராய்வு கூட எண்டால் குறைய ஏறும், வழுக்கல் எண்டால் கூட ஏறும். எவ்வளவு ஏறினது எண்டதை ஒரு முள் பிடிச்சு வைச்சிருக்கும். வாசிப்பை 100ஆல் பிரிச்சால் ஏறத்தாழக் குணகம். றப்பர் உரஞ்சுற நேரம் அதன் வேகம் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 3 மீற்றர். எங்கடை விற்றராசு எங்கே, இது எங்கே. 50 கிலோமீற்றர் வேகத்தில் சறுக்கிற ரயரின் நிலைமையை ஒத்து வரும்படி அமைச்சிருக்கிறார்கள். பெட்டியில் வைச்சுத் தூக்கிக்கொண்டு போகலாம், சந்தியில் அரைமணித்தியாலம் வாகனத்தை மறிச்சால் போதும்.

1969இல் பிரித்தானியாவில் இந்த ஊசலுக்கு வழிகாட்டி எண்கள் வெளியிட்டார்கள். சாதாரண றோட்டுக்கு 45, பெருந்தெருக்களுக்கு 55, சுற்றுவட்டம், வளைவு, சிக்னல் விளக்குக்குக் கிட்ட வாற இடம் போன்ற சிக்கலான இடங்களுக்கு 65. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிப் போச்சு. மருதனார்மடம் சந்திக்கு வாசிப்பு என்ன எண்டு கேட்டால் எங்கடை ஆக்கள் முழிப்பார்கள். 45ஆ 65ஆ எண்டதில்லைப் பிரச்சினை, அப்பிடி ஒரு எண் இருக்கலாம் எண்ட நினைப்பே எங்களிட்டை இல்லை.

சேறு பூசின கதைக்கு வாறன். அதுக்குள் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு.

1963இல் குறொஷ் எண்ட ஆராய்ச்சியாளர் றப்பர் உராய்வு பற்றி லண்டன் றோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இண்டைக்கும் ரயர் படிக்கிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் வெவ்வேறு றப்பர்களைக் கண்ணாடியிலும், அரத்தாள் போன்ற கரடான தளத்திலும் இழுத்துப் பார்த்தார். வேகமாக இழுத்தால் றப்பர் சூடாகிக் கணக்கைக் குழப்பும் எண்டதால் மிக ஆறுதலாக இழுத்து, அதுக்குப் பதிலாக வெப்பநிலையை மாற்றினார். உறைகுளிரில் ஆறுதலாக இழுக்கிறதும் சாதாரண வெப்பத்தில் வேகமாக இழுக்கிறதும் றப்பருக்கு ஒண்டுதான் எண்டு காட்டினார். அதோடு, றப்பர் றோட்டைப் பிடிக்கிறது இரண்டு விதமாக எண்டதும் தெளிவானது. ஒண்டு ஒட்டிப் பிடிக்கிறது: றப்பர் தளத்தை நெருங்கித் தொட்டு ஒட்டி, பிய்ந்து, திரும்ப ஒட்டுகிற பிடி. மற்றது நசிஞ்சு பிடிக்கிறது: கல்லு முனைகளுக்கு மேலே றப்பர் அமுங்கி மீளும்போது, கொடுத்த சக்தி முழுவதையும் திருப்பித் தராமல் கொஞ்சத்தை வெப்பமாக விழுங்கும். அந்த விழுங்கலும் ஒரு பிடிதான்.

இந்த இரண்டையும் பிரிச்சுப் பார்க்க அவர் செய்த வேலை எனக்கு நல்லாய்ப் பிடிச்சுது. கரடான தளத்தில் மக்னீசியாத் தூளைத் தூவினார். அவ்வளவுதான். தூள் இடையில் வந்ததும் ஒட்டுகிற பிடி காணாமல் போச்சு, நசிகிற பிடி மட்டும் மிஞ்சிச்சுது.

மருதனார்மடம் சந்தியில் அந்தத் தூளை நாங்கள் தினமும் தூவுகிறம். சுத்திவர முழுக்கச் செம்பாட்டுத் தோட்டம். விடியக் காலமை உழவு மெசினும் லாண்ட்மாஸ்டரும் தோட்டத்தால் ஏறி நேரே சந்தைக்கு வரும். சில்லில் ஒட்டின மண் சந்தியில்தான் உதிரும். அதோடு கோவா இலை, வாழை மடல், லொறி ஒழுக்கின ஒயில், ரயர்கள் தேஞ்சு விட்ட கறுப்புத் தூள். மாதக்கணக்கில் வெயிலில் இது படிஞ்சு கிடக்கு. பெருமழை எண்டால் கழுவிக்கொண்டு போய்விடும். முதல் தூறல் கழுவாது, குழைச்சுத்தான் விடும். ஒட்டுகிற பிடியைத் தூள் எடுத்துப் போட்டுது. நசிகிற பிடிக்குக் கரடான கல்லு வேணும். மஞ்சள் கோட்டில் பெயின்ற் கல்லு முனைகளை மூடியிருக்கு. அப்ப மச்சானின் முன் சில்லுக்கு எதுதான் மிச்சம்?

அந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் இன்னொரு கதையும் கிடக்கு. குறொஷ் வேலை செய்தது இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிற்றியில் இருந்த இயற்கை றப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்தில். அந்தச் சங்கத்துக்கு முக்கியமாகக் காசு வந்தது மலாயா றப்பருக்கு விதிச்ச வரியிலிருந்து. மலாயா றப்பர் தோட்டங்களில் பால் வெட்டினது பெரும்பாலும் தமிழ்ச் சனம். மேசையில் இருந்து கணக்கெழுதினவர்களில் எங்கடை ஊராக்களும் இருந்தார்கள். மானிப்பாய், உடுவில், இணுவில் பக்கம் 'மலாயாப் பென்சனியர்' வீடு எண்டு இண்டைக்கும் சொல்கிற வீடுகள் இருக்கு. அப்பிடிப் பார்த்தால் றப்பர் உராய்வு விஞ்ஞானத்துக்குக் கட்டணம் கட்டினவர்களில் நாங்களும் சேர்த்தி. கட்டினதுக்கு ஒரு ஊசலாவது இங்கே வரவேண்டாமோ?

(இலங்கை றப்பர் பற்றிப் பெருமை பேசுகிறவைக்கு ஒரு வார்த்தை. 1876இல் ஹேனரத்கொடவில் நட்ட கண்டுகளில் தொடங்கி நூற்றைம்பது வருஷமாக எங்கடை நாட்டில் றப்பர் இருக்கு, ரயரும் செய்கிறம், ஏற்றுமதியும் செய்கிறம். நல்ல விஷயம். ஆனால் இயற்கை றப்பர் சூடேறாமல் பாரம் சுமக்கிறதில்தான் கெட்டிக்காரன், ஈரத்தில் பிடிக்கிறதில் இல்லை. நசியும்போது சக்தியைக் குறைவாக விழுங்கிறதுதான் அதின் நல்ல குணம், அதே குணம்தான் ஈர றோட்டில் குறை. அதனால்தான் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் செயற்கை றப்பரைக் கலக்கிறார்கள்.)

சரி, ரயர் பக்கம் போவம். ரயருக்கு ஆய்வுகூடச் சோதனை இல்லாமல் இல்லை, நிறைய இருக்கு. ஐரோப்பாவில் விற்கிற ரயரில் ஈரப்பிடிக்கு ஒரு தரம் ஒட்டியிருக்கும். 2021 மே மாதத்திலிருந்து ஏ முதல் ஈ வரை ஐந்து படி. வரையறுத்த கரடுள்ள ஒரு பாதையில், அளவாகத் தண்ணி விட்டு, ஒரு நியம ரயரையும் சோதிக்கிற ரயரையும் ஓடவிட்டு, 80இலிருந்து 20க்கு வேகத்தைக் குறைக்கிறபோது எது எவ்வளவு பிடிக்குது எண்டு ஒப்பிட்டுப் போடுகிற தரம் அது. அமெரிக்காவில் வேறொரு முறை, நனைச்ச தாரிலும் நனைச்ச கொங்கிறீற்றிலும் சோதிச்சு எழுத்துப் போடுகிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் வெவ்வேறு உராய்வுள்ள தளங்கள் பதிச்ச பிறேக் பரிசோதனைப் பாதை இருக்கு.

இதெல்லாம் மெய்யான, கவனமான வேலை. ஆனால் இரண்டு ஓட்டை இருக்கு. முதலாவது, அந்தப் பாதை சுத்தமான பாதை. சுத்தமாக இருக்கத்தான் வேணும், இல்லாட்டில் இண்டைக்கு எடுத்த எண்ணை நாளைக்கு எடுத்ததோடு ஒப்பிட ஏலாது. அதை ஆய்வுகூடத்தின் குறை எண்டு சொல்லேல்லை. அந்த எண்ணை வைச்சுக்கொண்டு மருதனார்மடத்துக்கும் அதுதான் எண்டு நினைச்சால் அது எங்கடை குறை. இரண்டாவது ஓட்டைதான் எனக்குக் கோபம் வாறது. அந்த ஐரோப்பிய ஒட்டுத்தாள் கார், வான், லொறி ரயருக்குத்தான். மோட்டார் சைக்கிள் ரயர் அதுக்குள் இல்லை. அமெரிக்க எழுத்தும் கார் ரயருக்குத்தான். இரண்டு சில்லில் ஓடுகிறவனுக்கு ஈரப்பிடி எண்டால் அது உயிர். காரில் வழுக்கினால் பெரும்பாலும் முட்டும், எங்களுக்கு வழுக்கினாலே விழுகைதான். ஆனால் தகவல் இருக்கிறது காருக்கு.

அதுக்காகக் கொம்பனிகளை மட்டும் குறை சொல்லேலாது. சந்தியடியில் ரயர் மாத்துகிற கடையில் ஒரு பின்னேரம் நிண்டு பாருங்கோ. வாறவன் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, எவ்வளவு?" இரண்டாவது, "எத்தினை நாளைக்குக் கிடக்கும்?" மூண்டாவது, எங்கடை வயசுக்காரன் எண்டால், "உதிலும் அகலமானது இருக்கோ?" பார்வைக்கு. ஈரத்தில் பிடிக்குமோ எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை, நானும் கேட்டதில்லை. கனநாள் கிடக்கிற ரயரும் நல்லாய்ப் பிடிக்கிற ரயரும் ஒண்டாய்க் கிடைக்கிறது கஷ்டம். தேயாமல் இருக்க றப்பரை இறுக்கினால் பிடி குறையும், பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சக்தி விழுங்காத றப்பர் செய்தாலும் ஈரப்பிடி குறையும். 1992இல் மிஷெலின் சிலிக்காவைக் கலந்து ரயர் விட்டபோதுதான் பெற்றோல் மிச்சத்தையும் ஈரப்பிடியையும் ஓரளவுக்கு ஒண்டாய் எடுக்க முடிஞ்சுது. எப்பிடியோ, நாங்கள் "கனநாள்" எண்டு கேட்கக் கேட்க எங்களுக்கு விற்கப்படுறது இறுகின றப்பர்.

2022இல் விலை ஏறினபோது எங்கடை ஒழுங்கையில் மொட்டை ரயரில் ஓடாத ஆள் இல்லை. மச்சானின் ரயர் மொட்டை இல்லை, வெட்டு இருந்தது. ஆனால் பக்கத்தில் பொறிச்சிருக்கிற நாலு இலக்கத்தை விழுந்தபிறகுதான் வாசிச்சம். முதல் இரண்டும் கிழமை, கடைசி இரண்டும் வருஷம். 17 எண்டு முடிஞ்சுது. அத்தனை வருஷம் வெயிலிலும் ஒயிலிலும் கிடந்து நகம் இறங்காத றப்பராகப் போயிருந்தது. இதை ஒளிக்க விரும்பேல்லை. விழுந்ததில் அவனுக்குப் பங்கு இருக்கு. வேகம் கூடக் கூட நிக்கிற தூரம் வர்க்கத்தில் கூடும், இரட்டிச்ச வேகத்துக்கு நாலு மடங்கு தூரம். சந்தியில் பத்துப் பேர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. ஆனால் சோடியில் மற்றவர்?

மற்றவர் கல்லு. எங்கடை குடாநாடே சுண்ணாம்புக்கல்லுக்கு மேலேதான் கிடக்கு. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்ததும் அதனால்தான். பழைய ஒழுங்கைகளிலும் இந்த வெள்ளைக்கல்லுத்தான். சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு குணம்: ரயர் ஏறி ஏறி அதைப் பளபளக்க வைச்சுவிடும். நசிகிற பிடிக்கு வேணுமான சின்னச் சின்னக் கூர்கள் மழுங்கிப் போய்விடும். இதுக்கும் ஒரு ஆய்வுகூடச் சோதனை இருக்கு. கல்லுத் துண்டுகளை ஒரு சில்லின் விளிம்பில் சுத்திவரப் பதிச்சு, அதுக்கு மேலே றப்பர் ரயர் ஒண்டை அமத்தி, தண்ணியும் எமரித் தூளும் விட்டு மணித்தியாலக் கணக்காக ஓடவிடுவார்கள். வருஷக் கணக்கில் றோட்டில் நடக்கிறது ஒரே நாளில் நடக்கும். பிறகு அந்தக் கல்லில் ஊசலை ஓடவிட்டு எவ்வளவு பிடி மிஞ்சியிருக்கு எண்டு பார்ப்பார்கள். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் 40ஐ ஒட்டி நிக்கும். பிரித்தானியாவில் கடவைக்குக் கிட்ட வாற இடங்களுக்கு 60க்கு மேலான கல்லைத்தான் கேட்கிறார்கள். இப்ப காப்பெட்டுக்குப் போடுகிறது பெரும்பாலும் வெளியிலிருந்து ஏத்திக்கொண்டு வாற கருங்கல், அது சுண்ணாம்புக்கல்லைவிட நல்லது. ஆனால் கருங்கல்லிலும் எல்லாம் ஒண்டில்லை. எது எவ்வளவு மழுங்கும் எண்டது கண்ணால் பார்த்துத் தெரியாது. றோட்டுப் போட்ட அண்டைக்கு எல்லாக் காப்பெட்டும் வடிவுதான்.

இதில் என் வயசுக்காரர் எல்லாருக்கும் ஒரு தடுமாற்றம் இருக்கு. போருக்குப் பிறகு வந்த காப்பெட் றோட்டுகளைப் பார்த்து வளர்ந்த ஆக்கள் நாங்கள். குண்டும் குழியுமாக இருந்த றோட்டில் அப்பா அம்மா பட்ட பாடு கேட்டிருக்கிறம். ஆகவே றோட்டைக் குறை சொன்னால் நன்றி கெட்ட கதை போல ஒரு கூச்சம். "றோட்டு இல்லாமல் கிடந்தியள், இப்ப றோட்டு வழுக்குதாம்" எண்டு யாரும் சொல்லலாம். சொல்லட்டும். ஒப்பமான றோட்டு வேறை, பிடிக்கிற றோட்டு வேறை. காரில் போகிறவருக்கு ஆடாமல் போனால் நல்ல றோட்டு. அளக்கிறதும் அதைத்தான், மேடு பள்ளத்தைத்தான். பிடியை அளக்கிறவர் யார்?

நான் கேட்கிறது பெரிய விஷயமில்லை. ஒரு ஊசல். அதை முதல் மழைக்கு முன்னும், முதல் தூறலின்போதும், மாரி முடிஞ்ச பிறகும் சந்தியின் நாலு பக்கத்திலும் மஞ்சள் கோட்டின் மேலும் வைச்சு எடுத்த எண்களை எல்லாரும் வாசிக்கக்கூடியதாகப் பிரதேசசபைப் பலகையில் ஒட்டவேணும். கிளிநொச்சி அறிவியல்நகரில் எங்கடை பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கு. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற ஆக்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு நான் காணேல்லை. எண் குறைவாக வந்தால் செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. கோட்டுப் பெயின்றில் கரடான மணிகளைக் கலக்கலாம். கடவைக்குக் கிட்ட வாற துண்டுக்குக் கூரான கல்லுப் போடலாம். புரட்டாதி முடிய முதல் ஒரு தண்ணி பவுசரைக் கொண்டுவந்து சந்தியைக் கழுவலாம். இந்தக் கடைசி வேலைக்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். சந்தை வாசலில் சில்லுக் கழுவ ஒரு குழாய் போட்டாலும் பாதி மண் றோட்டுக்கு வராது.

"விபத்துக்கு நூறு காரணம் இருக்க, இவை மியூவைத் தேடுகினம்" எண்டு எழுதப்போகிறவைக்கும் சேர்த்துச் சொல்கிறன்: வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வைச்சாச்சு, பதாகை கட்டியாச்சு, பெடியளைத் திட்டியும் ஆச்சு. அதை நிப்பாட்டச் சொல்லேல்லை. இன்னும் செய்யாத ஒண்டைச் செய்யச் சொல்கிறன்.

ஊசல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு சோதனையும் இருக்கு. நல்லாய் அரிச்ச காய்ந்த மணல் 25 மில்லிலீற்றரைக் காப்பெட்டில் கொட்டி, தட்டையான மரத்துண்டால் வட்டமாகப் பரப்பவேணும், கல்லுகளுக்கு இடையில் மணல் இறங்கி மட்டமாகும்வரை. வட்டத்தின் விட்டம் 20 சென்ரிமீற்றர் வந்தால் அந்த இடத்தில் சராசரிப் பள்ளம் 0.8 மில்லிமீற்றர். வட்டம் பெரிசாகப் பெரிசாகத் தண்ணி ஒளிச்சு ஓட இடம் குறைவு எண்டு அர்த்தம். உலகம் முழுக்க றோட்டு ஆக்கள் செய்கிற சோதனைதான் இது. சல்லிக் காசு செலவில்லை. கல்லின் கூரை இது காட்டாது, பள்ளத்தை மட்டும்தான் காட்டும். அதுவும் ஒண்டுமில்லாததைவிட மேல்.

மச்சான் இப்ப திரும்ப ஓடுகிறான், புது ரயரில். நாலு இலக்கத்தை வாசிச்சுத்தான் வாங்கினது. கடைக்காரர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாராம். மணலும் கோப்பையும் அடிமட்டமும் எங்களிட்டை இருக்கு. புரட்டாதிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலமை, சந்தை கூடமுதல், எங்கடை ஒழுங்கை வாயிலிருந்து தொடங்குகிறம். சந்தி நடுவில் செய்கிறதுக்கு வாகனத்தை மறிக்க ஆள் வேணும், அதுக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதமும் எழுதி வைச்சிருக்கிறம். கையெழுத்து இதுவரைக்கும் ஆறு.